ஷெர்லாக் கடைசி எபிசோட்: எதிரே கண்ணாடி இல்லை என்பது கூடவா தெரியாது?

தாமதமாக_வந்தவன்:

கதையை முழுக்க உடைத்துத்தான் எழுதப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

பிபிசியின் ஷெர்லாக் தொடரை ஊரே பார்த்து, பேசி, ஓய்ந்த பிறகு, விடுமுறைக்கு வந்திருக்கும் மகனோடு உட்கார்ந்து இப்போதுதான் முதலிலிருந்து பார்த்தேன். நான்கு சீசன், சீசனுக்கு மூன்றே எபிசோட், நடுவில் 2016 புத்தாண்டுக்கு வந்த தனி எபிசோட் ஒன்று, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நேற்று ராத்திரி கடைசி எபிசோடான 'தி ஃபைனல் பிராப்ளம்' முடிந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் பையன் கேட்டான், "அப்பா, இதில் கேஸ் எங்கே?" பதில் சொல்லத் தெரியவில்லை.

முந்தைய எபிசோட் எப்படி முடிந்தது என்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வாட்சன் போய்ப் பேசிக்கொண்டிருந்த மனநல ஆலோசகர்தான் ஷெர்லாக்கின் தங்கை யூரஸ், அவள் அவரைப் பார்த்துத் துப்பாக்கியைச் சுடுகிறாள், திரை இருண்டுவிடுகிறது. நாங்கள் ஒரு நாள்தான் காத்திருந்தோம், அன்றைக்கு பிரிட்டனில் ஒரு வாரம் காத்திருந்திருக்கிறார்கள். அடுத்த எபிசோடில் என்ன ஆயிற்று என்றால், அது வெறும் மயக்க ஊசியாம், ஒரு வரி வசனத்தில் முடித்துவிட்டார்கள், வாட்சன் முழுசாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சரி, அதையாவது விடலாம். ஷெர்லாக்கின் பேக்கர் தெரு வீட்டுக்குள் குண்டு வெடிக்கிறது, அவனும் வாட்சனும் ஜன்னல் வழியாகப் பாய்கிறார்கள், அடுத்த காட்சியில் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் நடுக்கடலில் படகில் நிற்கிறார்கள். அதையும் விடலாம் என்றுதான் நினைத்தேன்.

என்னால் விட முடியாதது அந்தக் கண்ணாடி. தன்னை அடைத்து வைத்திருக்கும் தீவுச் சிறையில் யூரஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள், இந்தப் பக்கம் ஷெர்லாக். எவ்வளவோ நேரம் பேசுகிறார்கள். கையை நீட்டித் தொடப் போகும்போதுதான் எதிரே கண்ணாடியே இல்லை என்று அவனுக்குத் தெரிகிறது. ஒரு செல்போனின் கீறலைப் பார்த்து அதை வைத்திருந்தவனின் குடும்பக் கதையையே சொன்ன ஆள் ஐயா இவன்! குரல் நேராக வருகிறதா, வெளிச்சம் எங்காவது பட்டுத் தெறிக்கிறதா, ஒன்றையுமா கவனிக்க மாட்டான்? துப்பறிகிறவனின் கண்ணையே பிடுங்கிவிட்டு அதைத் திருப்பம் என்றால் எப்படி?

அப்போதே வாராவாரம் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்களுக்கும் அன்றைக்கு இப்படித்தான் இருந்ததா, அல்லது நான் வரிசையாக ஒரே மூச்சில் பார்த்ததால் ஓட்டைகள் பெரிதாகத் தெரிகின்றனவா?


ஈஸ்ட்ஹாம்_வாசி:

அன்றைக்கே, அந்த நேரத்திலேயே பார்த்த பாவி நான். 2017 ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணி, பிபிசி ஒன். முதல் நாள் பொங்கல், அன்றைக்கு மாட்டுப் பொங்கல், வீடு நிறைய ஆட்கள், எல்லாரையும் எட்டரைக்கே சாப்பிட வைத்து டிவி முன்னால் உட்கார வைத்தேன். பத்தரைக்கு என் மைத்துனர் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது, "இதுக்கா மாப்பிள்ளை வடையைக்கூட முழுசாச் சாப்பிட விடலை?"

அதற்கு முந்தைய நாளே ஒரு கூத்து நடந்தது. ரஷ்யாவின் சேனல் ஒன்னில் போடுவதற்காக ரஷ்ய மொழியில் டப் செய்து வைத்திருந்த முழு எபிசோடும் இணையத்தில் கசிந்துவிட்டது. பார்க்காதீர்கள், பகிராதீர்கள் என்று தயாரிப்பாளர் தரப்பே கெஞ்சியது. நாங்களும் யோக்கியமாக ஒரு நாள் காதைப் பொத்திக்கொண்டு இருந்தோம். முடிந்த பிறகுதான், அந்த ஒரு நாளில் பொத்தி வைத்துக் காக்கும்படி இதில் என்ன இருந்தது என்று தோன்றியது.

அன்றைய ராத்திரிக் கணக்குப்படி நேரலையில் பார்த்தவர்கள் சுமார் 59 லட்சம் பேர் என்று சொன்னார்கள். அதே சீசனின் முதல் எபிசோடை, அதாவது ஜனவரி 1 அன்று, சுமார் 81 லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். பிறகு பதிவு செய்து பார்ப்பவர்கள், பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் பார்ப்பவர்கள் எல்லாம் சேரும்போது எண்ணிக்கை கூடும் என்பது வேறு விஷயம். ஆனால் இரண்டே வாரத்தில் முதல் நாள் கூட்டம் அவ்வளவு கரைந்திருந்தது. ஆக, உங்கள் கண்ணில் கோளாறு இல்லை சார்.


மொட்டைமாடி:

எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டால் சுவாரசியம் இருக்காது, அதனால் நான் மறுபக்கம் பேசுகிறேன். எனக்கு அந்த எபிசோட் பிடிக்கும். துப்பறியும் கதையாக அல்ல, மூன்று உடன்பிறப்புகளின் கதையாக.

ஷெர்லாக்கின் அண்ணன் மைக்ராஃப்டைக் கவனியுங்கள். இரண்டு பேரில் ஒருவரைச் சுடு என்று யூரஸ் ஷெர்லாக்கிடம் சொல்கிறாள், ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் வாட்சன். மைக்ராஃப்ட் உடனே வாட்சனை மட்டம் தட்டிப் பேச ஆரம்பிக்கிறார், இவனெல்லாம் ஒரு ஆளா, இவனையே சுடு என்று. ஏன்? தம்பிக்குத் தன் மேல் வெறுப்பு வரட்டும், தன்னைச் சுடுவது அவனுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று. ஏழு வருடமாக விறைப்பாகக் குடை பிடித்துக்கொண்டு திரிந்த மனிதர் அன்பைக் காட்டத் தெரிந்த ஒரே வழி அது. அந்த வேடத்தில் நடித்த மார்க் கேட்டிஸ்தான் ஸ்டீவன் மொஃபாட்டோடு சேர்ந்து இந்த எபிசோடை எழுதியவர், தனக்கே நல்ல காட்சியை எழுதிக்கொண்டார் என்று வேண்டுமானால் கிண்டல் செய்யுங்கள், காட்சி நல்ல காட்சிதான்.

கடைசியில் பேச்சே இல்லாமல் அண்ணனும் தங்கையும் வயலின் வாசிப்பதைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வீட்டில் ஒருவர் மனநலம் சரியில்லாமல் வருடக்கணக்கில் உள்ளேயே இருந்து, அதைப் பற்றிக் குடும்பத்தில் யாரும் வாயைத் திறக்காமல் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி வேறு மாதிரி இருக்கும். அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். எதிரில் நிற்பது அவன் மறந்தே போன தங்கை, அவன் மூளை வேலை செய்யவில்லை, அதுதான் காட்சியின் பொருளே. உணர்ச்சி வந்தால் கண் மறைக்கும்.


பழைய_புத்தகக்_கடை:

மொட்டைமாடி தம்பி, நீங்கள் சொன்ன மைக்ராஃப்ட் காட்சியை மறுக்கவில்லை, வயலினையும் மறுக்கவில்லை. ஆனால் நல்ல காட்சிகள் இருப்பது வேறு, நல்ல மர்மக் கதையாக இருப்பது வேறு.

மர்மக் கதைக்கும் வாசகனுக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், தாமே துப்பறியும் கதை எழுதியவர், 1929-இல் பத்துக் கட்டளைகள் என்று ஒரு பட்டியல் போட்டார். பாதி விளையாட்டாகப் போட்டதுதான். ஆனாலும் அதன் சாரம் இன்றைக்கும் செல்லும்: அமானுஷ்யம் கூடாது, இரட்டைப் பிறவிகளைக் கொண்டுவருவதென்றால் முன்கூட்டியே வாசகனைத் தயார்படுத்து, துப்பறிபவன் பார்த்த தடயம் வாசகன் கண்ணிலும் படவேண்டும். சுருக்கமாக, எங்களுக்கும் கண்டுபிடிக்க ஒரு வாய்ப்புக் கொடு.

யூரஸை இதில் எங்கே வைப்பது? அவளோடு பேசினாலே எதிராளி அவளுக்கு அடிமையாகிவிடுகிறான். ட்விட்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பயங்கரவாதத் தாக்குதல் நடக்கும் தேதியைச் சொல்லிவிடுகிறாள். சிறை அதிகாரி அவள் கையில், காவலர்கள் அவள் கையில். இதற்கு அறிவு என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, எங்கள் ஊரில் இதற்குப் பெயர் வசியம், மை போட்டுப் பார்ப்பது. அமானுஷ்யம் கூடாது என்ற விதி பின்வாசல் வழியாக உடைகிறது. எதை வேண்டுமானாலும் செய்யக்கூடிய வில்லி வந்த நிமிடத்தில், இதை எப்படிச் செய்தாள் என்று யோசிக்க நமக்கு வேலையே இல்லாமல் போகிறது.

இன்னொன்று. 'ஹிஸ் லாஸ்ட் வாவ்' எபிசோட் 2014 ஜனவரியில், செத்துப்போன வில்லன் மோரியார்ட்டியின் முகம் எல்லாத் திரைகளிலும் வந்து "என்னைத் தேடினீர்களா" என்று கேட்பதோடு முடிந்தது. மூன்று வருடம் அந்தக் கேள்வியைச் சுமந்தோம். விடை? ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் பரிசாக யூரஸுக்கு மோரியார்ட்டியோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேச அனுமதி கிடைத்ததாம், அந்த ஐந்து நிமிடத்தில் எல்லாம் பேசி முடித்துவிட்டார்களாம். என் கடையில் ஒரு பழைய நாவலுக்கு விலை பேசவே அதைவிட அதிக நேரம் ஆகும்.

ஆனால் ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். முந்தைய எபிசோடின் திருப்பம் மிக யோக்கியமானது. பேருந்தில் வாட்சனைப் பார்த்துச் சிரித்த பெண், ஊன்றுகோலோடு ஷெர்லாக்கிடம் வந்த பெண், ஆலோசகர், மூன்றும் ஒரே நடிகை, சியன் புரூக். முகம் நம் கண் முன்னாலேயே இருந்தது, கேமராவை எங்கேயும் மறைக்கவில்லை, நாம்தான் பார்க்கவில்லை. தெரிந்ததும் நம் தலையில் நாமே குட்டிக்கொண்டோம். அதே ஆட்கள்தான் ஒரே வாரத்தில் இதையும் கொடுத்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.


மல்லிகைப்பந்தல்:

அண்ணன்மார்கள் எல்லாரும் கண்ணாடியையும் குண்டையும் பற்றியே பேசுகிறீர்கள், ஷெர்லாக்கை மனதுக்குள்ளேயே காதலிக்கும் மோலியைப் பற்றி ஒருவராவது வாயைத் திறப்பீர்கள் என்று பார்த்தேன்.

யூரஸ் ஷெர்லாக்குக்கு வைக்கும் அந்தச் சவப்பெட்டிச் சோதனைக் காட்சி. உண்மையில் இந்த எபிசோடில் ஷெர்லாக் ஷெர்லாக்காக இருக்கும் இடம் அது ஒன்றுதான் என்பேன். வெறும் பெட்டி. நீளத்தைப் பார்க்கிறான், ஆடம்பரமில்லாத வேலைப்பாட்டைப் பார்க்கிறான், மூடியில் எழுதியிருக்கும் "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்ற வரியைப் பார்க்கிறான், இது யாருக்காகச் செய்தது என்று கண்டுபிடிக்கிறான். மோலி. அவளை போனில் கூப்பிட்டு, ஏன் என்று சொல்லாமல், அந்த வரியை அவள் வாயால் சொல்ல வைக்கவேண்டும், இல்லையென்றால் அவள் வீடு வெடிக்கும். அவள் அழுதுகொண்டே, முதலில் நீ சொல், மனதாரச் சொல் என்கிறாள். லூயிஸ் பிரேலி அந்த மூன்று நிமிடத்தில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்.

அப்புறம் தெரிகிறது, அவள் வீட்டில் குண்டே இல்லை. ஏழு வருடம் மனதுக்குள் வைத்திருந்ததை ஒருத்தி வாயைத் திறந்து சொன்னது ஒன்றுமில்லாத ஒரு மிரட்டலுக்காக. சரி, கதை கொடூரமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்கிறேன். பிறகு அவளிடம் யாராவது வந்து விளக்கினார்களா? அவன் மன்னிப்புக் கேட்டானா? ஒன்றும் காட்டவில்லை. கடைசியில் எல்லாரும் வந்துபோகிற காட்சியில் அவளும் சிரித்த முகத்தோடு பேக்கர் தெரு வீட்டுக்குள் நுழைகிறாள், அவ்வளவுதான். ஷெர்லாக் பெட்டியை உடைத்து அழுவதற்கு நேரம் இருந்தது, அவளுக்கு ஒரு வாக்கியத்துக்கு நேரம் இல்லை. பெண்ணின் வலியை ஆணின் கதைக்கு விறகாக எரித்துவிட்டு, சாம்பலைக் கூட்டி அள்ளக்கூட வரவில்லை.

மொட்டைமாடி அண்ணா, நீங்கள் எழுதிய குடும்ப விஷயத்தைப் படித்தேன். அந்த வயலின் காட்சியில் எனக்கும் கண் கலங்கியது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.


விடிகாலை_வண்டி:

விமானத்தை யாருமே சொல்லவில்லையே? ஆரம்பத்திலேயே ஒரு சின்னப் பெண், எல்லாரும் மயங்கிக் கிடக்கும் விமானத்தில் ஒற்றை ஆளாக முழித்துக்கொண்டு போனில் உதவி கேட்கிறாள். படம் முழுக்க நான் நகத்தைக் கடித்தது அவளுக்காகத்தான். கடைசியில் விமானமும் இல்லை, பெண்ணும் இல்லை, அது யூரஸின் மனதுக்குள் பறக்கிற விமானமாம். நல்ல உருவகம், கவிதையில் வைத்திருந்தால் ரசித்திருப்பேன். என்னிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு விமானமே இல்லை என்றால் காசைத் திருப்பிக் கொடுங்கள்.


ஈஸ்ட்ஹாம்_வாசி:

இதைவிடப் பெரிய கூத்தை நான் சொல்ல மறந்துவிட்டேன். எபிசோட் முடிந்த வாரம் இணையத்தில் ஒரு கூட்டம் கிளம்பியது. இவ்வளவு மோசமாக வேண்டுமென்றேதான் எடுத்திருக்கிறார்கள், இது பொய் எபிசோட், உண்மையான நான்காவது எபிசோட் ஒன்று ரகசியமாக ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று. அடுத்த ஞாயிறு, ஜனவரி 22, அதே ஒன்பது மணிக்கு பிபிசி ஒன்னில் 'ஆப்பிள் ட்ரீ யார்ட்' என்று ஒரு புதுத் தொடர் தொடங்குவதாக இருந்தது. அந்தப் பெயரே பொய், அதுதான் ஷெர்லாக் என்று ஆதாரம் ஆதாரமாக அடுக்கினார்கள்.

நான் நம்பவில்லை. ஆனால் ஒன்பது மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அது நிஜமாகவே எமிலி வாட்சன் நடித்த 'ஆப்பிள் ட்ரீ யார்ட்'தான். வாட்சன் வந்தார், வேறு வாட்சன்.

சிரிப்பாக இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், அந்த ரசிகர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதையும் கூர்ந்து பார், சுவரில் இருக்கும் காகிதத்தையும் பார் என்று ஏழு வருடம் பழக்கியது இந்தத் தொடர்தானே. பழக்கிய கண்ணோடு பார்த்தார்கள், ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது, இவ்வளவு புத்திசாலிகள் இப்படித் தவறுவார்களா, இதிலும் ஏதோ சூட்சுமம் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.


மொட்டைமாடி:

பழைய புத்தகக் கடை ஐயா, தங்கையை வாசகனுக்குத் தெரியாமல் திணித்தார்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'ஹிஸ் லாஸ்ட் வாவ்' எபிசோடிலேயே மைக்ராஃப்ட், எனக்குச் சகோதரப் பாசம் பொங்காது, இன்னொருவருக்கு என்ன ஆயிற்று என்று தெரியுமே என்கிற பொருளில் சொல்லிவிடுகிறார். நாம்தான் அது இன்னொரு அண்ணனாக இருக்கும் என்று நினைத்தோம். ரெட்பியர்ட் என்ற பெயரும் மூன்றாவது சீசனிலிருந்தே வருகிறது. செத்துப்போன நாய் என்று நினைத்தோம். அது நாயே அல்ல, விக்டர் ட்ரெவர் என்ற சிறுவயதுத் தோழன், யூரஸ் கிணற்றில் விட்டுக் கொன்ற பையன் என்று தெரியும்போது, அப்பாவுக்கு நாய் என்றாலே ஒவ்வாமை என்ற ஒரு வரி வருமே, அதற்கு உடம்பு சிலிர்க்கவில்லையா உங்களுக்கு? மூன்று வருடத்துக்கு முன் போட்ட விதை அது.


பழைய_புத்தகக்_கடை:

சிலிர்த்தது, ஒப்புக்கொள்கிறேன். தோற்றேன் அந்த இடத்தில்.

ஆனால் விதை போட்டவர்கள் அறுவடையை எப்படிச் செய்தார்கள் பாருங்கள். அந்தப் பையனைத் தேடும் வழி ஹோம்ஸ் குடும்பத்தின் பழைய வீடான மஸ்கிரேவ் மாளிகையில் இருக்கும் போலிக் கல்லறைக் கற்களின் தேதிகளிலும், யூரஸ் பாடும் பாட்டிலும் ஒளிந்திருக்கிறது. எண்ணை எடுத்துப் பாட்டின் சொற்களோடு பொருத்தினால் செய்தி வரும். அருமையான புதிர்! கானன் டாயில் 1893-இல் எழுதிய 'மஸ்கிரேவ் சடங்கு' கதையிலிருந்து எடுத்தது. அந்தக் கதையில் ஹோம்ஸ் மரத்தின் நிழலை அளந்து, வடக்கே இத்தனை அடி, கிழக்கே இத்தனை அடி என்று நடப்பான், நாமும் விரலால் மேசை மேல் கூடவே நடக்கலாம். இங்கே? எழுத்துகள் திரையில் பறக்கின்றன, கண்ணை இமைப்பதற்குள் விடை வந்துவிடுகிறது. அரை மணி நேரம் கொடுத்திருக்கவேண்டிய இடம் அது. அந்த அரை மணி நேரத்தைத்தான் தீவில் ஆட்களை வரிசையாகக் கொல்லச் சொல்லும் விளையாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதை.


தாமதமாக_வந்தவன்:

எல்லாருக்கும் நன்றி. மல்லிகைப்பந்தல் எழுதியதைப் படித்த பிறகுதான் மோலி காட்சியில் எனக்கு உறுத்தியது என்ன என்று புரிந்தது, பார்க்கும்போது நடிப்பில் மயங்கி விட்டுவிட்டேன்.

இன்று சாயங்காலம் பையன் மறுபடியும் 2010-இல் வந்த முதல் எபிசோடைப் போட்டான். அந்த செல்போன் காட்சிக்கு நேராகப் போனோம். ஷெர்லாக் வாட்சனின் போனைக் கையில் வாங்கி, பின்னால் ஹாரி என்று பொறித்திருப்பதைப் பார்த்து, சார்ஜ் போடும் இடத்தைச் சுற்றிக் கீறல் இருப்பதைப் பார்த்து, இது உன் அண்ணனுடையது, அவன் குடிகாரன், கை நடுங்கும் என்று வரிசையாகச் சொல்வான். எல்லாம் சரி, ஒன்று மட்டும் தப்பு. ஹாரி அண்ணன் இல்லை, ஹாரியெட் என்ற சகோதரி. "எப்போதும் ஏதாவது ஒன்று இடித்துவிடும்" என்று தன்னையே நொந்துகொள்வான். அந்த இடத்தில் பையன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். முதல் எபிசோடிலும் அவன் கோட்டைவிட்டது ஒரு சகோதரியை, கடைசி எபிசோடிலும் ஒரு சகோதரியை. ஆனால் அங்கே அவன் தவறியபோது எங்களுக்கு அவனைப் பிடித்துப்போனது, ஏனென்றால் அந்தப் போனை நாங்களும் பார்த்தோம், நாங்களும் அண்ணன் என்றுதான் நினைத்திருப்போம். கண்ணாடி விஷயத்தில் எங்களுக்கு அந்தக் கூட்டாளி உணர்வு வரவே இல்லை. மொட்டைமாடி சொன்ன உணர்ச்சி வாதத்தை யோசித்துப் பார்த்தேன், பாதி ஏற்கிறேன், மறந்துபோன தங்கை என்றால் தடுமாறலாம்தான். ஆனால் தடுமாறும் முன் எனக்கு ஒரு முறையாவது அந்தக் கண்ணாடியைச் சரியாகக் காட்டியிருக்கலாம்.


விடிகாலை_வண்டி:

தடயம், ஒப்பந்தம் எல்லாம் பெரியவர்கள் பேசுங்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம், யாராவது தீர்த்து வையுங்கள். வாட்சனைக் கிணற்றுக்குள் காலில் சங்கிலி போட்டுத்தானே கட்டி வைத்திருந்தாள்? மேலிருந்து கயிற்றை மட்டும்தானே போட்டார்கள்? அப்படியென்றால் சங்கிலியை அவிழ்த்தது யார்?


ஈஸ்ட்ஹாம்_வாசி:

அது நான்காவது எபிசோடில் இருக்கிறது.